அப்பாவின் பிஎஃப் பணம்: அண்ணன் வீட்டுக்குக் கொடுப்பதா, அம்மாவுக்கு வைப்பதா?

நொய்யல் (2025 நவம்பர் 2)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு இந்த மாதம் 30ஆம் தேதியோடு 58 வயது முடிகிறது, வேலையும் முடிகிறது. கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் 1996இல் ஃபவுண்டரி வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது அசெம்பிளியில் சூப்பர்வைசர்.

பிஎஃப் பாஸ்புக்கில் 18 லட்சத்து 60 ஆயிரம் இருக்கிறது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4 லட்சம் வரும் என்றார்கள். அடுத்த மார்ச்சில் ஓர் எல்ஐசி பாலிசி முதிர்ந்து 3 லட்சம் வரும். துடியலூர் பக்கம் 3 சென்டில் சொந்த வீடு, கடன் கிடையாது. அம்மாவுக்கு 51 வயது, வேலைக்குப் போனதில்லை, 22 பவுன் நகை இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 22,000. அப்பாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை.

அண்ணன் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறான். மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு முன்பணத்துக்கு 10 லட்சம் கேட்கிறான். அப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலோ, வருடம் 2 லட்சம் வீதம் 10 வருடம் கட்டும் பாலிசி ஒன்றைப் போடச் சொல்லி மூன்று முறை போன் வந்துவிட்டது. நான் திருமணமாகித் திருப்பூரில் இருக்கிறேன். எனக்கு இதில் ஒரு ரூபாயும் வேண்டாம், அவர்கள் இருவரும் சிரமப்படக் கூடாது. என்ன செய்தால் சரியாக இருக்கும்?

கணக்குப்பிள்ளை (நவம்பர் 2)

பாலிசியை முதலில் முடித்துவிடுகிறேன். வேலையை விட்டு இறங்கும் மனிதர் 10 வருடம் வருடத்துக்கு 2 லட்சம் எங்கிருந்து கட்டுவார்? கையில் வரும் பிஎஃப் பணத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கொட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் கட்டியதில் ஒரு பகுதிதான் திரும்பி வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவசரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும், பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

இனி மாத வருமானம். பிஎஃப்போடு சேர்ந்து இபிஎஸ் (தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்) பென்ஷனும் அவருக்கு உண்டு. முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் வரும் என்று பல பேர் நினைத்திருப்பார்கள், அப்படியில்லை. 2014 ஆகஸ்ட் வரையான வருடங்களுக்கு 6,500 ரூபாயும் அதற்குப் பிறகான வருடங்களுக்கு 15,000 ரூபாயும்தான் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு. அதை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். முதல் 18 வருடத்துக்குச் சுமார் 1,670, அடுத்த 11 வருடத்துக்குச் சுமார் 2,360. 20 வருடம் தாண்டியவர்களுக்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். எல்லாம் சேர்த்து 4,200க்கு மேல் வரும். நான் 4,200 என்றே வைத்துக்கொள்கிறேன்.

22,000இல் அது போக 17,800 குறைகிறது. மாதாமாதம். இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். 10 லட்சத்தைப் பற்றிய பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பென்ஷனை 60 வயது வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு வருடத்தில் விடுவது 1 லட்சத்துக்கு மேல், கூடுவது மாதம் 336 ரூபாய். விட்டதைப் பிடிக்க 25 வருடம் ஆகும். 58லேயே வாங்கத் தொடங்கட்டும்.

சென்னைவாசி (நவம்பர் 2)

அண்ணன் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். நானும் அவரைப் போல வாடகையில் இருந்தவன்தான். மாதம் 18,000 வாடகை, பதினொரு மாதத்துக்கு ஒரு முறை ஏற்றம், இரண்டு முறை வீடு மாறியதில் மகளின் பள்ளியும் மாறியது. என் அப்பா 2018இல் 7 லட்சம் கொடுத்தார். அந்தப் பணம் இல்லையென்றால் வீடு வாங்கியிருக்கவே முடியாது. இப்போது இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள், மருத்துவச் செலவு முழுக்க என்னுடையது. நம் வீடுகளில் பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கும். பிள்ளை கேட்பதையே ஏதோ பறிக்க வந்தது போல எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்பாவே கொடுக்கலாம் என்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

வைகைக்கரை (நவம்பர் 3)

சென்னைவாசி தம்பி, உங்களைப் போல ஒரு மகன் எனக்கும் இருக்கிறான். தங்கமான பையன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு நூற்பாலையில் இருந்து 2016இல் ஓய்வு பெற்றேன். கைக்கு வந்தது 14 லட்சம். அதில் 8 லட்சத்தை மகன் வீடு வாங்கக் கொடுத்தேன். மனதார கொடுத்தது, இன்று வரை அதில் எனக்கு வருத்தமில்லை. 2021இல் என் மனைவிக்கு இதயத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். மிச்சம் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே வீட்டுச் செலவுக்குக் கரைந்துவிட்டது. மகனிடம் கேட்டேன். அவன் சம்பளத்தில் பாதி வீட்டுக் கடன் தவணைக்கே போகிறது. ஒரு வார்த்தை பேசாமல் பர்சனல் லோன் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று வருடம் கட்டினான். அந்த மூன்று வருடமும் என் மருமகள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் ஒன்றுமே சொல்லவில்லை, ஆனாலும் முடியவில்லை.

வேறொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தவள் என்னைக் கேட்டாள்: "எனக்கு இவ்வளவு செலவு செய்றீங்களே, உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா எனக்கு என்ன இருக்கு?" 37 வருடக் குடித்தனத்தில் அவள் இப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பழைய தபால் (நவம்பர் 3)

அஞ்சல் துறையில் 34 வருடம் கவுன்ட்டரில் இருந்தவன். வைகைக்கரை ஐயா எழுதியதன் தொடர்ச்சியாகவே இதைச் சொல்கிறேன்.

எல்லோரும் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தைத்தான் சொல்லப்போகிறீர்கள். நல்ல திட்டம், இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி, 30 லட்சம் வரை போடலாம். பொதுவாக 60 வயது ஆக வேண்டும். பணி ஓய்வு பெற்றவர் என்றால் 55லேயே சேரலாம், ஆனால் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு தொடங்க வேண்டும், அந்தப் பணத்தின் அளவுக்குத்தான் போடவும் முடியும். நொய்யலின் அப்பாவுக்கு இது பொருந்தும். கம்பெனியில் ஓய்வுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதில் பணத்தின் விவரமும் இருக்க வேண்டும். அது இல்லாமல் வந்து திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால், மனைவி கூட்டாளியாகவோ ஒரே நாமினியாகவோ இருந்தால் கணக்கை முதிர்வு வரை தொடரலாம். ஆனால் அந்தத் திட்டத்தில் சேரும் தகுதி மனைவிக்கும் இருக்க வேண்டும். 51 வயது அம்மாவுக்கு அந்தத் தகுதி கிடையாது. கணக்கை முடித்துப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இறந்த தேதியிலிருந்து முடிக்கும் நாள் வரை சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான் கிடைக்கும். பென்ஷனும் அதே நாளில் பாதியாகிவிடும். 4,200 வாங்கியவரின் மனைவிக்கு 2,100.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு பெண் 22 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள், யார் யாரோ யோசனை சொல்ல வருவார்கள். இதை நான் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு பகுதியை இன்றே அம்மா பெயரில் போடுங்கள். தபால் ஆபீசின் மாத வருமானத் திட்டத்துக்கு இந்த 60 வயது வரம்பு கிடையாது. 7.4 சதவீதம், தனி நபர் 9 லட்சம் வரை போடலாம், மாதம் 5,550 அம்மாவின் சேமிப்புக் கணக்கில் வந்து விழும்.

கணக்குப்பிள்ளை (நவம்பர் 3)

ஐயா சொன்னதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 லட்சத்தையும் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் அப்பா பெயரில் போட்டால் மாதத்துக்கு 15,033. 13 லட்சம் அதிலும் 9 லட்சம் அம்மாவின் மாத வருமானத் திட்டத்திலும் போட்டால் 14,433. வித்தியாசம் 600 ரூபாய். அம்மா பெயரில் தனியாக ஒரு வருமானம் இருப்பதற்கு மாதம் 600 கொடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உண்மையைச் சொன்னால், நான் எப்போதும் வட்டி விகிதத்தைத்தான் பார்ப்பேன். இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

வரிக்குப் பயப்பட வேண்டாம். அப்பா கொடுத்த பணம் என்பதால் அம்மாவின் வட்டியையும் அப்பா கணக்கில்தான் சேர்ப்பார்கள். எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு 2 லட்சத்து 24 ஆயிரத்துக்குள்தான் வரும், வரி கிடையாது. ஆனால் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் வட்டியில் பிடித்துவிடுவார்கள், திரும்ப வாங்க ரிட்டர்ன் போட வேண்டும்.

சேலத்து அக்கா (நவம்பர் 4)

நாமினி பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. எங்கள் அப்பா 2019இல் திடீரென்று போய்விட்டார், வேலையில் இருக்கும்போதே. கிராஜுவிட்டி படிவத்தை எடுத்துப் பார்த்தால் நாமினி இடத்தில் எங்கள் பாட்டியின் பெயர். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது. பாட்டி அதற்குப் பத்து வருடம் முன்பே இறந்துவிட்டார். யாருடைய தப்பும் இல்லை, யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழுக்கு அம்மா தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும். எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்றே அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவின் பர்சில் இருந்த சீட்டுகளை வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். ஒரு நண்பருக்கு 1 லட்சம் கைமாற்று கொடுத்திருந்தாராம். அவராகவே காரியத்துக்கு வந்தபோது சொன்னார், நல்ல மனிதர். சொல்லாமல் இருந்த வேறு யாரும் இருக்கிறார்களா என்று இன்று வரை தெரியாது.

நொய்யல், பிஎஃப் தளத்தில் இ-நாமினேஷன் (நாமினி பெயரை ஆன்லைனில் பதிவது) ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்பாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பிஎஃப்பிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும். வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். 30ஆம் தேதிக்கு அப்புறம் கம்பெனி ஆபீசில் அலைய வேண்டியிருக்கும்.

நொய்யல் (நவம்பர் 5)

எல்லோருக்கும் நன்றி. பார்த்தேன். அப்பாவின் பெயர் ஆதாரில் இனிஷியல் விரித்து இருக்கிறது, பிஎஃப்பில் வெறும் இனிஷியல். கம்பெனியில் திருத்தம் கொடுத்துவிட்டோம்.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். கணக்குப்பிள்ளை சொன்னது போல 17,800 என்று எழுதிக் காட்டினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். "பென்ஷனே பத்தாயிரம் வரும்னு நெனச்சேன் சாமி" என்றார். அப்புறம் வைகைக்கரை ஐயாவின் மனைவி கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "உங்கொப்பனுக்கு அப்புறம் நான் யார்கிட்டக் கேக்கறது, உன்கிட்டயா, உங்கண்ணன்கிட்டயா?" என்றார். ஆக, இது அம்மா மனதில் எப்போதோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மருத்துவச் செலவுக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? இருவருக்கும் சேர்த்து வருடம் 40 ஆயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள்.

ஒண்டிப்புதூர் (நவம்பர் 5)

உங்கள் அப்பா எப்போதாவது இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தாரா? சம்பளம் 21,000 தாண்டும் வரை பிடித்திருப்பார்களே? 5 வருடமாவது இஎஸ்ஐயில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு, வருடம் 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவம் தொடரும். 120தான், தட்டச்சுப் பிழை இல்லை.

வரம்பைத் தாண்டி வெளியே போனவர்களுக்கு முன்பு இது கிடைக்காமல் இருந்தது. 2024 பிப்ரவரியில் அதைத் தளர்த்தினார்கள். 2012 ஏப்ரலுக்குப் பிறகு இஎஸ்ஐயில் இருந்து, 2017 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு பெற்று, சம்பளம் 30,000க்குள் இருந்தவர்களுக்கும் உண்டு என்று முடிவெடுத்தார்கள். பழைய இஎஸ்ஐ எண்ணோடு கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். என் அம்மா சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும், ஆனால் நன்றாகப் பார்த்தார்கள்.

கணக்குப்பிள்ளை (நவம்பர் 5)

இது கிடைத்தாலும் தனியாக ஒரு சிறிய இன்சூரன்ஸ் இருப்பது நல்லது என்பேன். சர்க்கரையை மறைக்காமல் எழுத வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருடத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2024லேயே விதி வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை, ஆகவே பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். 70 வயதுக்குப் பிறகு வருமானம் பார்க்காமல் வருடம் 5 லட்சம் வரை மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவத் திட்டத்தில் உண்டு. நடுவில் அப்பாவுக்கு 12 வருடம், அம்மாவுக்கு 19 வருடம், அதற்குத்தான் ஏற்பாடு தேவை.

எனக்கு உள்ள பெரிய கவலை விலைவாசி. வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 22,000 ரூபாய்ச் செலவு 12 வருடத்தில் 44,000 ஆகிவிடும். அப்போது அம்மாவுக்கு 63. தபால் ஆபீஸ் வட்டி ஏறாது, இபிஎஸ் பென்ஷனும் ஏறாது. எனவே 5 லட்சமாவது பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில், முடிந்தால் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில், பத்து வருடம் தொடாமல் இருக்க வேண்டும்.

பழைய தபால் (நவம்பர் 6)

தம்பி, இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். 2020 மார்ச் வரையான இரண்டே மாதத்தில் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அந்த வருடம் முடிவதற்குள் ஏறிவிட்டது என்பீர்கள், உண்மைதான். ஆனால் வாழ்நாளில் முதன்முறையாக 5 லட்சத்தைப் போட்டவர், அது 3 லட்சம் ஆனதைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பாரா? எடுத்துவிடுவார். நஷ்டம் அங்கேதான் வரும். ஃபவுண்டரியில் உழைத்து வந்த பணம் அது, அவருக்கு ராத்திரி தூக்கம் வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை (நவம்பர் 6)

சரி ஐயா, மொத்தமாகப் போட வேண்டாம். அப்பா வீட்டில் சும்மா இருக்கப்போவதில்லை என்றால் அந்த வருமானத்திலிருந்து மாதாமாதம் போடலாமே? விழுந்தாலும் பிஎஃப் பணம் விழவில்லை என்ற தைரியம் இருக்கும்.

வைகைக்கரை (நவம்பர் 6)

ஒன்று விட்டுவிட்டேன். பணம் இல்லை என்றதும் அடுத்ததாக வீட்டை எழுதிக் கொடுங்கள், அடமானம் வைக்கலாம் என்ற பேச்சு வரும். பாசத்தில்தான் வரும். உயிரோடு இருக்கும்வரை செட்டில்மெண்ட் (சொத்தை இப்போதே பிள்ளை பெயருக்கு மாற்றும் பத்திரம்) எழுத வேண்டாம். உயில் எழுதினால் போதும், சாட்சி இரண்டு பேர், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கவனித்துக்கொள்ளாவிட்டால் தானப் பத்திரத்தை ரத்து செய்ய 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி உண்டு, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் அப்படி ரத்து செய்ததை உறுதிசெய்தது. ஆனாலும் பெற்ற பிள்ளை மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கும் நிலைமை எந்தத் தாய்க்கும் வர வேண்டாம்.

சென்னைவாசி (நவம்பர் 6)

படித்துக்கொண்டே வருகிறேன். என் அப்பாவிடம் அந்த 7 லட்சம் போக வேறு பென்ஷன் இருந்தது, அரசு வேலை. அந்த வித்தியாசத்தை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். இந்த வீட்டில் 10 லட்சம் என்பது கிட்டத்தட்டப் பாதி. நொய்யல், அண்ணனிடம் பேசும்போது கணக்கை முழுக்கக் காட்டிப் பேசுங்கள். எனக்கு என் அப்பாவின் மாதச் செலவு எவ்வளவு என்று பணம் வாங்கும்போது தெரியாது. தெரிந்திருந்தால் குறைத்துக் கேட்டிருப்பேன். உங்கள் அண்ணனுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

நொய்யல் (நவம்பர் 16)

பத்து நாள் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் போன வாரம் வந்திருந்தான். சென்னைவாசி சொன்னபடியே தாளை வைத்துப் பேசினேன். முதலில் கோபப்பட்டான், "நான் என்ன ஏமாத்தவா கேட்டேன்" என்றான். அப்போது அம்மாவே பேசினார். "நீ ஏமாத்த மாட்டே கண்ணு. ஆனா எனக்குன்னு ஒரு பாஸ்புக் வேணும்." அண்ணன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இரவு மாடியில் அப்பாவோடு உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். மேடவாக்கம் ஃபிளாட்டை இப்போதைக்கு விட்டுவிட்டான். இரண்டு வருடம் சேர்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். அவன் முகம் வாடித்தான் போனது, அதை மறைக்க விரும்பவில்லை. எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. எல்ஐசி பணம் மார்ச்சில் வந்தபின் அதில் 1 லட்சம் அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார். அதை நான் தடுக்கவில்லை.

மற்றபடி 13 லட்சம் அப்பா பெயரில், 9 லட்சம் அம்மா பெயரில். மிச்சமும் எல்ஐசி பணத்தில் மீதியும் அவசரத்துக்கு வங்கியில் இருக்கும். பென்ஷனோடு சேர்த்து மாதம் 18,600 வரும். பீளமேட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் அப்பாவை அரை நாள் வரச் சொல்கிறார்கள், 12,000 தருவார்களாம். குறையும் 3,400ஐ அதிலிருந்து எடுத்துக்கொண்டு, மாதம் 5,000 இண்டெக்ஸ் ஃபண்டில் அம்மா பெயரில் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பழைய தபால் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் பழைய எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓய்வுச் சான்றோடு டிசம்பரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். அம்மாவின் மாத வருமானக் கணக்குக்கு நாமினியாக என்னையும் அண்ணனையும் இரண்டு பேரையும் போடலாமா? அம்மா அப்படித்தான் வேண்டும் என்கிறார்.

பழைய தபால் (நவம்பர் 16)

போடலாம். நான்கு பேர் வரை எழுதலாம், ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்று எழுதவும் இடம் இருக்கிறது. கோபமெல்லாம் இல்லை, சம்பளத்திலிருந்து போடுவது சரிதான்.

அம்மாவின் ஆதார், பான், போட்டோ இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பான் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், பணம் வருவதற்குள் வந்துவிடும். மாத வட்டி போய்ச் சேர அதே தபால் ஆபீசில் அம்மாவுக்கு ஒரு சேமிப்புக் கணக்கும் வேண்டும், 500 ரூபாயில் தொடங்கலாம். பதினோரு மணிக்கு முன்னால் போங்கள். படிவத்தை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள், ஆனால் கவுன்ட்டரில் அம்மாவே பேசட்டும்.